சேலத்திற்கு வந்த இருவர்: கருத்து வேற்றுமையும் கிறிஸ்தவக் கிருபையும்

சேலம் நகரிலிருந்து கிழக்கே ஆத்தூரை நோக்கிச் செல்லும் சாலையில், நகரை அடுத்து அமைந்திருப்பது அயோத்தியாப்பட்டணம். அங்குள்ள கோதண்டராமர் கோயில் நாயக்கர் காலச் சிற்பத் தூண்களுக்குப் பெயர் பெற்றது. இலங்கையிலிருந்து திரும்பிய இராமன் இவ்விடத்தில் தங்கினான் என்றும், முடிசூட்டுக்குரிய வேளை வழியிலேயே நெருங்கிவிட்டதால் இங்கேயே முடிசூட்டப்பெற்றான் என்றும் ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இவ்வூர்வழக்கை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும், வெளியேற்றப்பட்டவன் திரும்பி வந்தான் என்பதையும், அவன் திரும்பும்வரை அவனுக்குரிய இடத்தை ஒரு தம்பி காத்திருந்தான் என்பதையும் இச்சமவெளி மக்கள் தங்கள் ஊரின் பெயரிலேயே நினைவில் வைத்திருக்கின்றனர் என்பது நம் கவனத்துக்குரியது.

திருச்சபையில் கருத்து வேற்றுமை எழும்போது கிறிஸ்தவக் கிருபையோடு நடந்துகொள்வது எப்படி என்னும் கேள்வி, பெரும்பாலும் நல்லொழுக்க அறிவுரையாகவே பேசப்படுகிறது. சினத்தை அடக்குக, மென்மையாய்ப் பேசுக, பிறர் குற்றத்தை மன்னித்திடுக என்பன யாவும் வேண்டியவையே. ஆனால் சேலத்தின் திருச்சபை வரலாறு இக்கேள்வியைச் சற்று ஆழமாக நம்முன் வைக்கிறது. தம் சொந்த உடன் ஊழியரோடு ஏற்பட்ட கடும் தகராற்றுக்குப்பின் இச்சமவெளிக்கு வந்தவர் இருவர். ஒருவர் அத்தகராற்றில் வென்றவர். மற்றவர் தோற்ற பக்கத்தைச் சார்ந்தவர். ஒருவர் கத்தோலிக்கத் துறவி. மற்றவர் சீர்திருத்தச் சபை ஊழியர். இருவர் வரலாற்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், தோற்றவர் கையிலும் சபைக்கு வேண்டிய ஓர் உண்மை இருந்தது என்பது புலனாகும். அவ்வுண்மையை அழிந்துபோகவிடாமல் காப்பதே கிருபையின் கடினமான பகுதி என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

1. தத்துவ போதகரும் கொன்சாலோ பெர்னாண்டஸும்

தத்துவ போதகர் எனத் தமிழ்நாட்டார் அறிந்த இராபர்ட் தெ நொபிலி 1577-இல் இத்தாலியில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, 1605-இல் கோவாவையும் 1606-இல் மதுரையையும் அடைந்தார். அப்போது மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்ச்சுகீசியர் அதே சபையின் ஊழியராக இருந்தார். முன்பு போர்வீரராயிருந்து பின்னர் துறவியானவர் அவர். மதுரைக்கு வந்து தங்கியிருந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்கு வழிபாடு நடத்தியும், நோயுற்றோருக்கு உதவியும், சிறுவர்க்குப் பாடம் கற்பித்தும் ஆண்டுகள் பலவற்றைக் கழித்திருந்தார். ஆனால் அந்நகரத்து மக்களில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டோரை அவர் காணவில்லை.

நொபிலி இதன் காரணத்தை ஆராய்ந்தார். மதுரை மக்கள் கிறிஸ்தவ சமயத்தைப் பரங்கியரின் மார்க்கம் என எண்ணினர் என்பதும், இறைச்சியும் மதுவும் உட்கொண்டு நீராட்டு முதலிய ஆசாரங்களைப் பேணாத பரங்கியர் வாழ்வை இழிவாகக் கருதினர் என்பதும் அவருக்குப் புலனாயின. ஆகவே அவர் பெர்னாண்டஸின் இல்லத்தைவிட்டு நீங்கி, வேறிடத்தில் குடியமர்ந்து, காவியுடுத்தி, மரக்கறி உணவு மட்டும் கொண்டு, தமிழும் வடமொழியும் கற்று, துறவியாக வாழ்ந்தார். தாம் பரங்கியர் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர் என்றும் வெளிப்படையாக அறிவித்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றோர் பெர்னாண்டஸின் ஆலயத்துக்குச் செல்லவில்லை. வேறு ஆலயத்தில் கூடினர். பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் அவர்கள் விட்டுவிட வேண்டியதில்லை என நொபிலி தீர்மானித்தார்.

பெர்னாண்டஸின் நிலையிலிருந்தும் இதைக் காணவேண்டும். தம்மைவிட இளையவரான, உயர்குலத்து இத்தாலியர் ஒருவர் வந்து, தம் இல்லத்தில் சில காலம் தங்கி, பின்னர் தம்மை விட்டு விலகி, தம் இனத்தாரோடு தமக்குத் தொடர்பில்லை என்று ஊரறியச் சொன்னார். அம்முதியவரின் பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் பயனற்றதாக எண்ணப்பட்டது. 1610-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மேலதிகாரிகளுக்குக் குற்றச்சாட்டுகள் அடங்கிய மடல் ஒன்றை எழுதினார். புறச்சமயச் சடங்குகள் சபைக்குள் புகுத்தப்படுகின்றன என்றும், ஒரே கர்த்தரின் மக்கள் இரு ஆலயங்களாகப் பிரிக்கப்படுகின்றனர் என்றும் அவர் முறையிட்டார். அக்குற்றச்சாட்டில் சபையின் தூய்மை பற்றிய கவலையும் இருந்தது, மனப்புண்ணும் இருந்தது. இவ்விரண்டும் கலந்தே வருவது நம் சபைகளிலும் வழக்கமானது. நம்மை வருத்தும் கடினமான மனிதரில் பலர், தம் உழைப்பு மதிக்கப்படவில்லை என்று உணர்ந்தவர்கள்.

நொபிலி அதே ஆண்டில் விரிவான மறுமொழி எழுதினார். தாம் அனுமதித்த வழக்கங்கள் சமயச் சடங்குகள் அல்ல, சமூக வழக்கங்களே என்பதை நூலாதாரங்களாலும் பிராமணர் பலரின் சான்றுரைகளாலும் நிலைநாட்ட முயன்றார். தகராறு கோவாவுக்கும் உரோமைக்கும் சென்றது. நொபிலியின் உறவினரும் புகழ்பெற்ற இறையியலாருமான கர்தினால் பெல்லார்மின், காதில் விழுந்த செய்திகளை நம்பி முதலில் நொபிலியைக் கடிந்து எழுதினார். பின்னர் நொபிலியின் விளக்கத்தைப் படித்தபோது தம் கருத்தை மாற்றிக்கொண்டு அவருக்கு ஆதரவாளரானார். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லியவர், மறுபக்கத்தைக் கேட்டபின் தம் தீர்ப்பைத் திருத்திக்கொண்டது சிறிய செயலன்று. பதவியில் உயர்ந்தவர்களுக்கு இது மிகவும் அரிது.

1619-இல் கோவாவில் கூடிய மாநாட்டில் பேராயரும் இறையியலார் பலரும் நொபிலியை எதிர்த்தனர். இத்தனைக்கும் இடையில் அவர் தம் சபையைவிட்டு விலகவில்லை; தமக்கென ஒரு கட்சியை அமைக்கவுமில்லை. மேலதிகாரிகள் விதித்த கட்டுப்பாடுகளுக்கு அடங்கி, இறுதித் தீர்ப்புக்காகக் காத்திருந்தார். 1623-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் போப்பு பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை, நொபிலி கேட்ட வழக்கங்களை நிபந்தனைகளுடன் அனுமதித்தது.

அதே 1623-இல் நொபிலி மதுரையைவிட்டு வடக்கே புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலம் சென்று, அங்கிருந்த இராமச்சந்திர நாயக்கரின் ஆதரவைப் பெற்று, பின்னர் சேலம் வந்தார். உரோமையில் வெற்றி பெற்றவருக்குச் சேலத்தில் தங்க வீடு கொடுப்பார் இல்லை. ஒரு பொது மண்டபத்தில் அவர் தங்க நேர்ந்தது. பின்னரே வழி திறந்தது. தம் ஆட்சியுரிமையை இழந்து சேலத்தில் வாழ்ந்திருந்த திருமங்கல நாயக்கர் அவரிடம் உபதேசம் கேட்டு, 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

இவ்வரலாற்றை நொபிலியின் வெற்றி வரலாறாக மட்டும் சொல்லி முடிப்பது எளிது. ஆனால் கிரகோரியின் ஆணையில் இன்னொரு பகுதியும் உண்டு. குலப்பெருமை கொண்டோர் தாழ்த்தப்பட்ட மக்களை இகழலாகாது என்றும், திருவசனம் கேட்பதிலும் அருட்சாதனங்களைப் பெறுவதிலும் அவர்களை ஒதுக்கலாகாது என்றும் அது வேண்டிக்கொண்டது. இது பெர்னாண்டஸின் முறையீட்டில் அடங்கியிருந்த உண்மையைத் தொடுவதாகும். ஒரே கர்த்தரின் பந்தி இரண்டாகலாமா என்னும் கேள்வி, சினத்தோடும் அரைகுறை அறிவோடும் கேட்கப்பட்டதாயினும், சரியான கேள்வியே. வென்றவர்கள் ஆணையின் முதற்பகுதியைப் பற்றிக்கொண்ட அளவுக்கு இரண்டாம் பகுதியைப் பற்றிக்கொள்ளவில்லை. அதன் விளைவு பின்னாளில் வந்தது. 1704-இலும் 1744-இலும் உரோமைச் சபை இவ்வழக்கங்களைப் பற்றிய தகராற்றை மீண்டும் விசாரித்து ஆணைகள் வெளியிட நேர்ந்தது. சாதி வேற்றுமை என்னும் நோயோ கத்தோலிக்கரிடமும் நம்மிடமும் இன்னும் தீரவில்லை.

பெர்னாண்டஸ் இகழ்ச்சிக்குரியவராகவே நூல்களில் நெடுங்காலம் சித்திரிக்கப்பட்டார். அவரோ, தகராற்றின் நடுவில், 1616-இல், இந்து சமயச் சடங்குகளைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதினார். எதிர்வாதத்துக்காக எழுதப்பட்டதாயினும், அக்காலத் தமிழ்நாட்டுச் சடங்குகளை அறிய உதவும் அரிய ஏடாக அது விளங்குகிறது. 1973-இல் லிஸ்பனில் அச்சேறியது. எதிர்த்தவர் சேர்த்துவைத்த அறிவும் சபைக்குப் பயன்பட்டது என்பதற்கு இது சான்று.

2. திருநெல்வேலியில் நேர்ந்த பிரிவு

இனி இரண்டாமவரின் வரலாற்றுக்கு வருவோம். அவர் பெயர் ஜான் மைக்கேல் லெக்லர். அவர் சேலம் வந்து சேர்ந்த வழியை அறியத் திருநெல்வேலிக்குச் செல்லவேண்டும்.

இரேனியஸ் ஐயர் 1790-இல் பிரஷிய நாட்டில் பிறந்தவர். லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றவர். சர்ச் மிஷனரி சங்கத்தார் அவரை ஊழியராக ஏற்று அனுப்ப, 1814-இல் சென்னை வந்து, 1820-இல் பாளையங்கோட்டையை அடைந்தார். அவர் லுத்தரன் என்பதை அறிந்தே ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த அச்சங்கம் அவரை ஏற்றது. அக்காலத்தில் அது வழக்கமே. பதினைந்து ஆண்டுகளுக்குள் திருநெல்வேலி நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர் மேற்பார்வையில் இருந்த சபைகளில் சேர்ந்தனர். கிராமந்தோறும் உபதேசியார்களை ஏற்படுத்தியது, துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கித்தரத் தர்ம சங்கத்தை நிறுவியது, தோனாவூர் போன்ற குடியிருப்புகளை உருவாக்கியது, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தது, தமிழ் இலக்கண நூல் இயற்றியது ஆகிய பணிகள் யாவும் அவருடையவை.

தகராறு குருப்பட்டத்தைப் பற்றி எழுந்தது. இத்துணைச் சபைகளுக்கும் நாட்டுக் குருமார் தேவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. உபதேசியார்களில் தகுந்தவர்களுக்குத் தாமும் உடன் ஊழியர்களும் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் அளிக்கலாம் என்பது இரேனியஸின் நிலை. அதற்கு முன்மாதிரி இருந்தது. தரங்கம்பாடியில் 1733-இல் ஆரோன் அவ்வாறே பட்டம் பெற்றார். 1790-இல் சத்தியநாதனும் அவ்வாறே பெற்றார். சங்கத்தாரின் நிலை வேறு. 1814 முதல் கல்கத்தாவில் பேராயர் இருக்கின்றார். ஆங்கிலத் திருச்சபையின் சங்கம் பேராயர் கையினாலன்றி வேறு வழியில் பட்டமளிக்க இசைய முடியாது என்றனர். பேராயர் வழிப் பட்டம் தமிழருக்கு மூடிய கதவாகவும் இருக்கவில்லை. சங்கத்தின் ஊழியரான ஜான் தேவசகாயம் 1830-இலேயே அவ்வழியில் உதவிகுருவானார்.

இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. இரு பக்கத்திலும் நேர்மையானவர்கள் இருந்தனர். ஆயினும் கடிதங்கள் இலண்டனுக்குச் சென்று மறுமொழி வர மாதங்கள் பல ஆயின. ஒவ்வொரு கடிதமும் முந்தியதைவிடக் கடுமையாயிற்று. 1834-இல், சென்னையிலிருந்த ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் ஒருவர் அச்சபையின் அமைப்பைப் புகழ்ந்து எழுதிய நூலுக்கு இரேனியஸ் கடுமையான மதிப்புரை ஒன்றை எழுதி அச்சிட்டார். தம் சபையின் ஒழுங்குகளைத் தம் ஊழியரே அச்சில் தாக்குவதைச் சங்கத்தார் பொறுக்கவில்லை. 1835-இல் அவரோடு கொண்டிருந்த தொடர்பை முறித்துக்கொண்டனர். உடன் ஊழியர்களாகிய ஷாப்டர், முல்லர், லெக்லர் ஆகிய மூவரும் இரேனியஸோடு நின்றனர்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இரேனியஸ் பாளையங்கோட்டையைவிட்டுப் புறப்பட்டார். அவருடைய இடத்தில் ஜார்ஜ் பெற்றிட் பொறுப்பேற்றார். இத்துடன் முடிந்திருந்தால் அது வருத்தத்துக்குரிய ஒரு பிரிவாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் உபதேசியார்கள் பலர் தங்கள் தகப்பனைத் திரும்பி வருமாறு வேண்டி எழுதினர். நண்பர்களும் ஊக்கினர். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே இரேனியஸ் திரும்பி வந்தார். திருநெல்வேலிச் சபை இரண்டாகப் பிளந்தது.

இப்பிரிவின் பாரத்தைச் சுமந்தவர் யார்? இலண்டனிலிருந்த குழுவினர் அல்லர். சென்னையில் மதிப்புரை எழுதியோரும் வாசித்தோரும் அல்லர். கிராமத்து உபதேசியார்களும், சில ஆண்டுகளுக்கு முன்னரே விக்கிரக வழிபாட்டைவிட்டு வந்த எளிய விசுவாசிகளும் அதைச் சுமந்தனர். அப்போஸ்தல வழிமுறையைப் பற்றியும் மூப்பர் ஆட்சியைப் பற்றியும் ஒன்றும் அறியாத அவர்கள், யார் பக்கம் என்னும் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவராயினர். தங்களுக்கு எழுதப்படிக்கக் கற்பித்தவரைக் கைவிடுவதா, தங்கள் ஆலயத்தையும் பள்ளியையும் கைவிடுவதா என்பதே அவர்கள்முன் நின்ற கேள்வி. போதகர்கள் தங்களுக்குள் வழக்காடும்போது அவ்வழக்கின் செலவை மந்தையே கொடுக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நம் சபை வரலாற்றில் அரிது.

1838-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் இரேனியஸ் பாளையங்கோட்டையில் மரித்தார். அவருக்கு வயது நாற்பத்தேழு. வழக்குத் தீராமலே அவர் போய்விட்டார்.

3. பிரிவுக்குப்பின் நடந்தவை

சண்டை நடந்த மூன்று ஆண்டுகளில் கிருபை அதிகமாக வெளிப்பட்டது என்று சொல்வதற்கில்லை. அது வெளிப்பட்டது அதற்குப்பின்.

முதலாவது, ஷாப்டரும் முல்லரும் மீண்டும் சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டனர். மூன்று ஆண்டுகள் எதிர்முகாமில் நின்றவர்களுக்கு அதே நாட்டில், அதே மக்களிடையே, மறுபடியும் பணி கொடுக்கப்பட்டது. பிளவுண்டிருந்த சபைகள் ஒன்றாவதற்கு இது வழி திறந்தது. தலைவர்கள் அவமானப்படாமல் திரும்பிவர இயன்றதால் அவர்களைப் பின்பற்றிய உபதேசியார்களும் திரும்பிவர இயன்றது. தோற்றவர்கள் மண்டியிட வேண்டும் என்று வென்றவர்கள் வற்புறுத்தியிருந்தால், திருநெல்வேலியில் இரு சபைகள் நிலைத்துவிட்டிருக்கும்.

இரண்டாவது, இரேனியஸ் ஏற்படுத்தியவற்றை அவருக்குப்பின் வந்தோர் அழிக்கவில்லை. கிராமக் குடியிருப்புகளும் தர்ம சங்கமும் தொடர்ந்தன. அவருடைய இடத்துக்கு வந்து, அவரோடு நேருக்கு நேர் போராட நேர்ந்த பெற்றிட், 1851-இல் திருநெல்வேலி ஊழிய வரலாற்றை நூலாக எழுதியபோது, தகராற்றில் தம் சங்கத்தின் பக்கமே நின்று எழுதினார். ஆனால் இரேனியஸின் உழைப்பை மறைக்கவில்லை. எதிரியின் வரலாற்றை எழுதும் பொறுப்பு நம் கையில் வரும்போது உண்மையோடு எழுதுவதும் கிருபையே. நம் சபைகளின் நூற்றாண்டு மலர்களில், வழக்காடிப் பிரிந்துபோன போதகர்களின் பெயர்கள் எத்தனை இடங்களில் விடுபட்டிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

மூன்றாவது, லெக்லர். அவர் பழைய சங்கத்துக்குத் திரும்பவில்லை. இலண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்து சேலம் வந்தார். அச்சங்கம் சேலத்தில் 1827-இல் ஹென்றி கிறிஸ்பு ஐயரைக் கொண்டு ஊழியத்தைத் தொடங்கியிருந்தது. அவர் 1831-இலேயே மரித்துவிட்டார். லெக்லரை ஏற்க அச்சங்கத்துக்குத் தடையில்லை. ஏனெனில், எந்த ஒரு சபையாட்சி முறையையும் புறச்சாதியாரிடம் அனுப்புவது தம் நோக்கமன்று, சுவிசேஷத்தை அனுப்புவதே நோக்கம் என்று 1796-இலேயே அச்சங்கத்தார் தங்கள் அடிப்படைக் கொள்கையாகத் தீர்மானித்திருந்தனர். திருநெல்வேலியில் எந்தக் கேள்விக்காக லெக்லர் வேலையிழந்தாரோ, அந்தக் கேள்வியை ஊழியத்துக்குத் தடையாக வைக்காத ஓர் இடம் சேலத்தில் இருந்தது.

லெக்லர் அவ்விடத்தைச் சண்டையைத் தொடரும் மேடையாக்கவில்லை. பள்ளிகளை நடத்தினார்; கிறிஸ்தவ இளைஞர் கைத்தொழில் கற்றுத் தம் காலில் நிற்கத் தொழிற்கல்விக்கு வழி செய்தார்; சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பிரசங்கித்தார். 1861-இல் சேலத்திலேயே மரித்தார். ஒரு தகராற்றில் தோற்றவர் எஞ்சிய வாழ்நாளை எவ்வாறு கழிக்கிறார் என்பது அவர் எந்த ஆவியோடு போராடினார் என்பதற்கு நம்பத்தக்க சான்று. தோல்வியைச் சொல்லிச் சொல்லிக் கசந்துபோன ஊழியர்களை நாம் அறிவோம். லெக்லருக்கோ வேலை இருந்தது. அதை அவர் செய்தார்.

பரிசுத்த வேதத்தில் இதற்கு நேரான நிகழ்ச்சி உண்டு. மாற்குவை உடன் கொண்டுபோவதைப் பற்றிப் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தனர் என்று அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. யார் பக்கம் நியாயம் என்று லூக்கா தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பவுல் தள்ளிய மாற்குவைப் பர்னபா சேர்த்துக்கொண்டு சீப்புருவுக்குப் போனார். அவனுக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. பல ஆண்டுகளுக்குப்பின் எழுதப்பட்ட இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், அதே மாற்கு தம் ஊழியத்துக்குப் பயனுள்ளவன் என்று சொல்லி அவனை அழைத்துவரும்படி பவுல் கேட்கிறார். இடையில் பர்னபா அவனுக்கு இடம் கொடுத்திராவிட்டால், பவுல் அழைப்பதற்கு ஒரு மாற்கு இருந்திருக்கமாட்டான். திருநெல்வேலிப் பிரிவில் சேலம் வகித்த பங்கு பர்னபாவின் பங்கு.

4. நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின்

இரேனியஸின் வழக்கு அவர் கல்லறையோடு புதையுண்டுவிடவில்லை. பேராயர் கையால் பட்டம் பெறாதவர் திருச்சபையின் முறையான குருவா என்னும் அதே கேள்வி, 1919-ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள்முன் மீண்டும் நின்றது. அங்கே கூடிய 33 பேரில் இருவர் தவிர மற்றையோர் இந்தியர். ஆங்கிலிக்கன் சபையாரும், இலண்டன் மிஷன் முதலியவற்றின் சபைகள் 1908-இல் சேர்ந்து உருவாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையாரும் அங்கிருந்தனர். சேலத்துச் சபையும் இவ்வைக்கிய சபையைச் சேர்ந்ததே. அவர்களுக்கு வழிகாட்டியவருள் முதன்மையானவர், திருநெல்வேலி நாட்டு வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா. இரேனியஸ் பிரிவால் காயப்பட்ட அதே நாட்டிலிருந்து ஐக்கியத்தின் தலைவர் எழும்பினார்.

பேச்சுவார்த்தைகள் இருபத்தெட்டு ஆண்டுகள் நீடித்தன. இத்துணைக் காலமாயிற்றே என்று சலித்துக்கொண்டோர் அன்று பலர். ஆனால் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரின் மனச்சாட்சியை மிதித்து முன்னேறக்கூடாது என்பதில் அவர்கள் உறுதியாயிருந்தனர். இறுதியில் கண்ட தீர்வு இரு பக்கத்து உண்மையையும் காத்தது. இணையும் சபைகளின் குருமார் அனைவரும், பேராயர் கையால் பட்டம் பெற்றவராயினும் பெறாதவராயினும், மறுபட்டமின்றி ஒரே திருச்சபையின் குருமாராக ஏற்கப்பட்டனர். ஐக்கியத்துக்குப்பின் அளிக்கப்படும் பட்டங்கள் யாவும் பேராயர் வழியே அளிக்கப்படும் என முடிவாயிற்று. எந்தச் சபையின்மேலும் அதன் மனச்சாட்சி ஏற்காத ஊழிய முறையைத் திணிப்பதில்லை என்று வாக்குறுதியும் அளிக்கப்பட்டது. இவ்வமைப்பைப் பழகிப் பார்க்க முப்பது ஆண்டுக் காலம் வகுக்கப்பட்டது. அசரியா 1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் மரித்ததால் நிறைவைக் காணவில்லை. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னைப் பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது.

1835-இல் இரேனியஸ் காக்க விரும்பியது, பேராயர் கை படாத ஊழியமும் கிறிஸ்துவின் ஊழியமே என்பது. சங்கத்தார் காக்க விரும்பியது, தொன்மைத் திருச்சபையின் ஒழுங்கு கைவிடப்படலாகாது என்பது. நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் இரண்டும் ஒரே அமைப்பில் இடம் பெற்றன. 1950-இல் கோயம்புத்தூர்ப் பேராயம் அமைந்து சேலத்துச் சபைகள் அதில் சேர்ந்தபோது, அதன் முதற் பேராயராகப் பொறுப்பேற்றவர் ஏ. ஜே. அப்பாசாமி. அவர் பிறந்த ஊர் பாளையங்கோட்டை. பேராயர் ஒருவரின் அதிகாரத்தை ஏற்கவியலாமல் பாளையங்கோட்டையைவிட்டு வந்தவர்களில் ஒருவர் கட்டியெழுப்பிய சேலத்துச் சபை, பாளையங்கோட்டையில் பிறந்த தமிழர் ஒருவரைத் தன் பேராயராக வரவேற்றது.

5. இன்றைய ஊழியருக்கு

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிடும்போது ஒரு வேற்றுமை புலனாகும். முதல் தகராற்றில் தோற்றவரின் கேள்வி புறக்கணிக்கப்பட்டது. அது இன்னும் நம்மை வாட்டுகிறது. இரண்டாவதில் தோற்றவரின் கேள்வி, பல கைகள் மாறி, காக்கப்பட்டது. அது ஐக்கியத்துக்குப் பயன்பட்டது. ஆகவே, கிருபை என்பது இனிய சொல்லோடு முடிவதன்று. எதிர்த்தவரின் முறையீட்டிலுள்ள உண்மையைப் பிரித்தெடுத்து, அவர் இல்லாதபோதும் அதைக் காத்து வைப்பதும் அதில் அடங்கும்.

இதை நம் பணித்தளங்களுக்குப் பொருத்திப் பார்ப்பது தேவை. சேகரக் குழுத் தேர்தல், இடமாற்றம், ஆலயச் சொத்து ஆகியவற்றைப் பற்றிய தகராறுகள் நம் நாளில் நீதிமன்றங்கள்வரை செல்கின்றன. தேர்தலில் வென்ற அணியினர் தோற்ற அணியினரைப் பாடகர் குழுவிலிருந்தும் ஓய்வுநாள் பள்ளியிலிருந்தும் நீக்குவதைக் காண்கிறோம். இவ்வாறு நீக்கப்பட்டோர் அடுத்த தெருவில் வேறு சபை தொடங்குவதையும் காண்கிறோம். ஆயருக்கு இவ்விடத்தில் என்ன கடமை?

முதலாவது, இரு பக்கத்தையும் கேளாமல் எழுதுவதும் பேசுவதும் தவிர்க்கத்தக்கன. பெல்லார்மினைப்போல முன்னரே பேசிவிட்டால், அவரைப்போலத் திருத்திக்கொள்ளவும் துணிவு வேண்டும். இரண்டாவது, கடுமையாகப் பேசும் மனிதரின் சொற்களுக்கு அடியில் மதிக்கப்படாத உழைப்பு ஏதேனும் உண்டா என்று தேடவேண்டும். பெர்னாண்டஸின் பல ஆண்டு உழைப்புக்கு ஒருவர் நன்றி சொல்லியிருந்தால் அவர் மடல் வேறுவிதமாய் அமைந்திருக்கக்கூடும். மூன்றாவது, தகராற்றின் விலையை எளிய விசுவாசிகள்மேல் சுமத்தலாகாது; எவரையும் பக்கம் சேரும்படி வற்புறுத்தலாகாது. நான்காவது, தோற்றவருக்கு ஒரு வேலையை விட்டுவைக்கவேண்டும். நம் சேகரத்தில் அது இயலாதெனில், வேறிடத்தில் அவர் வேலை பெறுவதற்குத் தடையாக நிற்றல் தகாது.

இவற்றால் தவறான போதகத்தையும் அநீதியையும் கண்டுகொள்ளாமல் விடவேண்டும் என்பது பொருளன்று. அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார் என்பதைக் கலாத்தியர் நிருபம் சொல்கிறது, அவ்வெதிர்ப்பு தேவையாயிருந்தது. பிரிந்து உண்ட பந்தியைப் பற்றிய எதிர்ப்பு அது என்பதையும், சாதிப் பிரிவினையைக் கண்டும் மௌனமாயிருப்பது கிருபையாகாது என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆனால் பேதுருவின் இரண்டாம் நிருபம் அதே பவுலைப் பிரியமான சகோதரன் என்றே குறிப்பிடுகிறது. எதிர்க்கப்பட்டவர் எதிர்த்தவருக்கு அப்பெயரைக் கொடுக்கும் அளவுக்கு, அவ்வெதிர்ப்பு நேர்மையாகவும் முகத்துக்கு முன்பாகவும் செய்யப்பட்டிருந்தது.

சேலத்தில் ஊழியஞ்செய்யும் ஆயர்கள் தங்கள் சபை ஏடுகளைத் திறந்து பார்ப்பார்களாக. அவற்றில் பிரிந்துபோனவர்களின் பெயர்களும் இருக்கும். அவர்களில் எவரேனும் இன்றும் உயிரோடிருந்தால், அடுத்த திருவிருந்து ஞாயிற்றுக்குமுன் ஆயர் அவர் வீட்டுக்குச் சென்று, அவர் அன்று சொன்னது என்ன என்பதை மறுபடியும் ஒருமுறை பொறுமையாகக் கேட்டு வருவது நலமாயிருக்கும்.